சும்மா போட்டது

வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று அடுக்கிக்கொண்டே போய், அழகில்லாத பெண்கள் என்று முடிப்பார்கள். இந்த ஊரில் வளர்ந்தவர்கள் இதை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். நான் முதலில் கேட்டது பன்னிரண்டு வயதில், காட்பாடியில் ஒரு கல்யாண வீட்டில். மாப்பிள்ளை வீட்டாரோடு வந்திருந்த ஒரு பெரியவர் சொன்னார். பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். என் அத்தைகளும் சிரித்தார்கள். அம்மா மட்டும் நிமிரவில்லை. மணவறைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு தாமரைக் கோலத்தின் வெளிச்சுற்று இதழை இழுத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பேச்சில் மற்றதற்கெல்லாம் ஏதோ ஒரு காரணம் இருந்தது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கருவறை பல தலைமுறைகளாகச் சாமி இல்லாமல்தான் கிடந்தது. 1981-இல்தான் லிங்கத்தை மறுபடி கொண்டுவந்து வைத்தார்கள். ஊரைச் சுற்றியிருக்கும் மலைகள் வெயிலில் காய்ந்த பாறைகள். பாலாறு 348 கிலோமீட்டர் ஓடுகிறது, அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். பாலத்தில் பஸ் போகும்போது எட்டிப் பார்த்தால் மணலும் கருவேலமும்தான் இருக்கும். சரி, இதெல்லாம் உண்மை. கடைசி வரிக்குத்தான் எந்தக் காரணமும் கிடையாது. சொல்லிப் பழகியவர்களின் வாயில் அது தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

எனக்குக் கோபம் வந்தது பல வருஷம் கழித்து. அதுவும் அழகு என்ற சொல்லுக்காக வந்த கோபம் இல்லை. பார்க்க ஒன்றுமே இல்லை என்று ஊர் ஊராகச் சொன்னார்களே, அந்த இடத்தைத்தான் இந்தப் பெண்கள் விடியற்காலையில் எழுந்து பார்த்து, பார்த்ததை வாசலிலும் பானையிலும் துணியிலும் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாராவது கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "சும்மா போட்டது."

இந்தச் 'சும்மா'வைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

அம்மாவிடம் ஒரு கோல நோட்டு இருக்கிறது. கல்யாணமாகி வந்த வருஷம், 1984-இல் ஆரம்பித்தது. அட்டை போய், வேறு அட்டை வைத்துத் தைத்து, அதுவும் போய், இப்போது ஒரு துணிப்பையில் கிடக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கோலம். ஓரத்தில் அவள் கையெழுத்தில் கணக்கு: '15 புள்ளி, 8-இல் நிறுத்து, ஊடு', '7-க்கு 7 நேர்'. புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நேர்ப்புள்ளி என்றால் ஒரு புள்ளிக்கு நேர் கீழே அடுத்த வரிசைப் புள்ளி வரும். ஊடுபுள்ளி என்றால் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் வரும். நடு வரிசையில் 15 வைத்து, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்து 8-இல் நிறுத்தினால் ஆறு மூலை கிடைக்கும். அந்த ஆறு மூலைக்குள் எது அடங்கும், எது அடங்காது என்பது கைக்குத் தெரியும். எங்கள் பக்கம் கோல மாவை மொக்கு மாவு என்றுதான் சொல்வோம். ஆந்திரா எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, அங்கே முக்கு, இங்கே மொக்கு. என் சின்ன வயதில் ஒரு கிழவி கூடையில் வெள்ளைக் கல் மாவைத் தூக்கிக்கொண்டு "மொக்கு மாவே" என்று கூவிக்கொண்டு வருவாள். ஒரு படி மாவுக்கு ஒரு படி பழைய அரிசி வாங்கிக்கொள்வாள்.

நோட்டைப் புரட்டினால் முதல் இருபது பக்கம் எல்லோர் வீட்டிலும் இருக்கும் கோலங்கள்தான். தேர், சங்கு, விளக்கு, பொங்கல் பானை. அதற்கப்புறம் வேறு ஆளாகிவிடுகிறாள். ஒரு பக்கத்தில் கத்திரிக்காய். அம்மா பிறந்தது அணைக்கட்டுப் பக்கம், இலவம்பாடிக்கு அருகில். அந்த மண்ணின் முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தித்தாளில் படம் போட்டார்கள். அம்மா அதை எப்போதோ 13 புள்ளியில் போட்டுவிட்டாள். காயைச் சுற்றி வளைவு, காம்பில் முள். முள் எப்படி வந்திருக்கிறது என்று பாருங்கள்: கோடு புள்ளியைச் சுற்றி வளைய வேண்டிய இடத்தில் வளையாமல் கூராகத் திரும்புகிறது. மற்ற இடத்திலெல்லாம் உருண்டையாக ஓடுகிற கோடு அங்கே மட்டும் முரண்டு பிடிக்கிறது. அந்தக் காயைப் பறித்துக் கையைக் கிழித்துக்கொண்ட ஒருத்தியால்தான் அந்த இடத்தில் அப்படித் திருப்ப முடியும்.

"எப்படிம்மா தோணுச்சு?" என்று கேட்டேன்.

"சும்மா போட்டது. பக்கம் காலியா இருந்துச்சு."

விடாமல் கேட்டால் மெல்ல மெல்ல வரும். அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது தோட்டத்தில் ஆயாவோடு காய் பறிக்கப் போவாள். கூடைக்கு இவ்வளவு என்று கூலி. முள்ளுக்குப் பயந்து காம்பைத் தொடாமல் காயைப் பிடித்துத் திருகினால் காம்பு இல்லாமல் வரும், அதை வியாபாரி எடுக்க மாட்டார். ஆகவே காம்பைத்தான் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு காம்பிலும் முள் எங்கே இருக்கிறது என்று ஒரு நொடி பார்த்துவிட்டுப் பிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை காம்பு பார்த்திருப்பாள்! ஓவியப் பள்ளியில் மாணவர்களை ஒரு பூவின் முன்னால் உட்காரவைத்து நாள் முழுக்கப் பார்க்கச் சொல்வார்களாம். அம்மாவுக்கு அந்தப் பாடம் கூலி வேலையில் கிடைத்தது.

இதைக் கலை என்று சொல்லலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். படித்தவர்கள்தான் கேட்டார்கள். அவர்களுக்கு நான் தாம்பரத்தைச் சொல்வேன். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்ற பேராசிரியர் கோலத்தைக் கணிதமாகப் பார்க்கத் தொடங்கினார். புள்ளியும் கோடும் எந்த விதியில் சேர்கின்றன என்று கணினிக்குச் சொல்லித்தரக்கூடிய ஓர் இலக்கணத்தைக் கோலத்திலிருந்து எடுத்து, 1974-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. அதை எழுதிய மூன்று பேரில் இரண்டு பேர் பெண்கள்: ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன். உலகத்தில் கணினி வரைகலை தவழ்ந்துகொண்டிருந்த காலம் அது. சாணி தெளித்த வாசலில் கிழவிகள் கையில் அந்த இலக்கணம் ஏற்கெனவே இருந்தது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். எனக்கு அந்தச் செய்தி தெரிந்த அன்று அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன். "கம்ப்யூட்டருக்கு மொக்கு போடத் தெரியுமா?" என்று கேட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்கு முள்ளு குத்தாதே" என்றாள்.

கரிகிரிக்குப் போனது இதற்குப் பிறகுதான். வேலூருக்குப் பக்கத்தில் இருக்கும் கரிகிரியின் பெயர், பச்சையும் பழுப்புமாக மெருகேற்றிய மண்பாண்டத்துக்கு அடையாளமாகப் போய்விட்டது. எங்கள் வீட்டிலும் ஒரு கூஜா இருந்தது, கழுத்து ஒல்லியாக, வயிறு பெருத்து. ஒரு தோழியின் சொந்தக்காரர்கள் மண்பாண்ட வேலை செய்கிறவர்கள். அவர்கள் வீட்டில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன்.

சக்கரத்தில் அண்ணன் இருந்தார். அது எல்லோர் கண்ணிலும் படுகிற வேலை. போட்டோ எடுக்கிறவர்கள் எல்லாம் அங்கேதான் நிற்பார்கள். ஆனால் மண் சக்கரத்துக்கு வருவதற்கு முன்னாலும், சக்கரத்தை விட்டு இறங்கிய பின்னாலும் அது அக்காவின் கையில் இருக்கிறது. ஏரி மண்ணை உலர்த்தி, தட்டி, கல் பொறுக்கி, ஊறப்போட்டு, மிதித்து, பிசைந்து தருவது அவர். பானை இறங்கி ஈரம் சுண்டியதும் கைப்பிடி ஒட்டுவது, கூழாங்கல்லால் தேய்த்து வழுவழுப்பாக்குவது, பூ வெட்டுவது எல்லாம் அவர். அந்தக் கூழாங்கல் அவருடைய மாமியார் கொடுத்தது. ஒரு பக்கம் தேய்ந்து தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. பூ வெட்ட ஒரு பதம் உண்டு. நகம் பட்டால் தடம் விழ வேண்டும், விரலில் மண் ஒட்டக் கூடாது. அந்தப் பதம் வெயில் காலத்தில் அரை மணி நேரம்தான் நிற்கும். அதற்குள் ஒரு பழைய குடைக்கம்பியைக் கூராக்கி வைத்துக்கொண்டு சுற்றுச் சுற்றாக வெட்டிக்கொண்டு போகிறார். எதிரில் படம் இல்லை, அளவுகோல் இல்லை. ஆரம்பித்த இடத்தில் கோடு வந்து சேர்கிறது.

அவர் வெட்டுகிற பூக்களில் ஒன்று என்னை நிறுத்திவிட்டது. பூவே இல்லை அது. மூன்று விரல் முன்னால், ஒரு விரல் பின்னால், கூஜாவின் தோள்பட்டையைச் சுற்றி நடந்துபோகிறது.

"காக்கா காலாக்கா இது?"

"ஆமா கண்ணு." சொல்லும்போதே வெட்கப்பட்டார். கல்யாணமான புதிதில் ஒருநாள் காயவைத்த பானைகளுக்குக் காவல் இருக்கச் சொல்லிவிட்டு மாமியார் கடைக்குப் போனாராம். இவர் அடுப்பில் கஞ்சியைப் பார்க்க உள்ளே போன நேரத்தில், சாய்த்து வைத்திருந்த சுடாத பச்சைப் பானைகள் மேல் காக்கை நடந்துவிட்டது. "செமத்தியா திட்டு வாங்குனேன். ஆனா அந்த ஒரு பானையை மட்டும் அழிக்க மனசு வரல. காக்கா எவ்ளோ நேரா நடந்திருக்குது பாருன்னு தோணுச்சு. எடுத்து ஒளிச்சு வச்சுட்டேன்." அந்தப் பானை சூளைக்கும் போனது, வெந்தும் வந்தது. இப்போதும் அவர் வீட்டுப் பரணில் உப்புப் பானையாக இருக்கிறது. இறக்கிக் காட்டினார். நிஜக் காக்கையின் தடம், எழுபதுகளிலோ எண்பதுகளிலோ ஒரு மத்தியானத்தில் கஞ்சி கொதித்த நேரத்துக்குள் பதிந்தது. சூளையில் காற்று நன்றாகப் புகுந்த பக்கம் சிவப்பாகவும், புகை சூழ்ந்து நின்ற பக்கம் கறுப்பாகவும் வெந்திருக்கிறது. ஒரே மண்தான். அதில் இருக்கும் இரும்புக்குக் காற்று கிடைத்தால் சிவக்கிறது. காற்றை அடைத்துப் புகையைத் தேக்கினால் கறுக்கிறது. அந்தக் காக்கை சிவப்பில் புறப்பட்டுக் கறுப்புக்குள் போகிறது.

இந்தக் காக்காக்கால் கூஜாவை ஒரு நகரத்துக் கண்காட்சியில் நானே பார்த்தேன். அட்டையில் ஊர்ப் பெயர் இருந்தது, விலை இருந்தது. வெட்டியவர் பெயர் இல்லை. விற்றுக்கொண்டிருந்த பையனிடம் கேட்டேன். "பாரம்பரிய டிசைன் மேடம்" என்றான். பாரம்பரியம் என்று சொல்லிவிட்டால் அது யாருடையதும் இல்லாமல் போய்விடுகிறது. அந்தக் கோட்டுக்கு ஒரு நாள் இருந்தது, ஒரு திட்டு இருந்தது, திட்டுக்குப் பயந்தும் பானையை ஒளித்துவைத்த ஒரு புதுப்பெண் இருந்தாள்.

சத்துவாச்சாரியில் எனக்குத் தெரிந்த ஒரு தங்கை ஆரி வேலை செய்கிறாள். கல்யாண பிளவுஸ்கள்தான் இப்போது வேலூர் பெண்களுக்குப் பெரிய வேலை. எத்தனையோ வீட்டு முன்னறையில் கட்டில் மாதிரி ஒரு ஸ்டாண்டு போட்டுத் துணியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். அவள் வீட்டில் நான் முதலில் பார்த்தது ஊசியை அல்ல, காகிதத்தை. டிசைனை ட்ரேசிங் பேப்பரில் வரைந்து, கோடு முழுக்கக் குண்டூசியால் பொட்டுப் பொட்டாகக் குத்தி, துணி மேல் விரித்து, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சால் ஒற்றுகிறாள். காகிதத்தை எடுத்தால் துணியில் வெள்ளைப் புள்ளிகள். புள்ளியைப் பிடித்துக்கொண்டு கொக்கி ஊசி ஓடுகிறது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "இதுவும் மொக்குதான், தூக்கிக் கட்டி வச்சிருக்குது" என்றாள்.

பெண் வீட்டார் எல்லோரும் மயில் கேட்கிறார்கள். இவளும் மயில் போட்டுத் தருகிறாள். ஆனால் முதுகுப் பக்கம் கயிறு கட்டும் இடத்துக்கு மேலே, யாரும் கேட்காமலே, ஒரு சின்னக் கூடு தொங்கும். பழுப்பு நூல், அதில் சிக்கிய மாதிரி இரண்டு காய்ந்த இலை, வாசலில் ஒரு மூக்கு. அவள் வீட்டுத் துணிக்கொடியில் தேன்சிட்டு கட்டிய கூடு அது. "மயிலை அமிர்தி ஜூவுல கூண்டுக்குள்ளதான்க்கா பாத்திருக்கேன். இத தினம் பாக்குறேன். சிலந்தி நூலத் திருடிட்டு வந்து கட்டுது, அத பாத்துட்டே இருந்தா எனக்கு வேல ஓட மாட்டேங்குது." மூன்று மாதம் அந்தக் கொடியில் துணி போடவில்லை. வீட்டில் சண்டை.

ஒரு கடைக்காக இரண்டு வருஷம் வேலை செய்தாள். கடையில் பிளவுஸுக்கு ஒட்டிய விலையில் நாலில் ஒரு பங்குகூட அவள் கைக்கு வரவில்லை. அது பழகிப்போன கதை. அவளை உடைத்தது வேறு. அந்தக் கூட்டைப் பார்த்துவிட்டு ஒரு மணப்பெண் கடையில் விசாரித்திருக்கிறாள், இதை யோசித்தது யார் என்று. "எங்க டிசைனர்" என்று சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் அதே டிசைன் பத்து வேண்டும் என்று இவளிடமே வந்தது. "எனக்குப் பேர் எல்லாம் வேணாம்க்கா, ஆனா அவங்க அந்தக் கூட்டைப் பாத்ததே இல்லையே" என்று அழுதாள். இப்போது தனியாகச் செய்கிறாள். வேலை குறைவு, வருமானமும் முன்போல இல்லை. ஆனால் பிளவுஸை மடித்துக் கொடுக்கும்போது கூடு எந்தக் கொடியில் இருந்தது என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிக் கொடுக்கிறாள்.

எல்லாவற்றுக்கும் ஒரு பறவையோ பூவோ காரணமாக இருக்கும் என்று நான் நம்ப ஆரம்பித்த சமயத்தில்தான் வந்தவாசி போனேன். 1989-இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தபோது ஆரணி, வந்தவாசி எல்லாம் திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டன. 2019-இல் வேலூரும் மூன்று மாவட்டமானது. சம்பந்தம் செய்கிறவர்களுக்கும் சந்தைக்குப் போகிறவர்களுக்கும் அதெல்லாம் இன்னும் ஒரே சீமைதான். வந்தவாசி என்றால் கோரைப்பாய். கோரையை அறுத்து, பச்சையாக இருக்கும்போதே கிழித்து, வெயிலில் காயவைத்து, சாயத்தில் வேகவைத்து நெய்கிறார்கள். இன்றைக்கு விசைத்தறிதான் அதிகம். நான் போன வீட்டில் ஒரு பெரியம்மாவும் மருமகளும் கைத்தறியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் குச்சியில் கோரையைக் கோத்து உள்ளே தள்ள, ஒருவர் அச்சை அடிக்க. ஊதாவுக்குப் பக்கத்தில் இலைப்பச்சை, அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு கோடு மஞ்சள். அந்த மஞ்சள் அத்தனை அழகு. அறுவடைக்கு நிற்கும் வயலா, ஆவாரம்பூவா என்று நானே மனதுக்குள் முடிவு செய்துகொண்டு கேட்டேன்.

"அந்தச் சாயம் அவ்ளோதாம்மா மிச்சம் இருந்துச்சு."

அஞ்சு வீடு சேர்ந்து சாயம் வாங்குகிறார்கள். ஒரே அண்டாவில் காய்ச்சிப் பிரித்துக்கொள்கிறார்கள். யார் வீட்டுக்கு எது எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது. கிடைத்த மஞ்சளை எங்கே வைத்தால் பாய் முழுக்க மஞ்சள் இருப்பதாகத் தோன்றும் என்பதுதான் அந்தப் பெரியம்மாவின் கணக்கு. ஓரத்தில் வைத்தால் வீண், நடுவில் வைத்தால் கோடாகத் தெரியும், மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைத்தால் கண் அங்கேயே போகும். இதைச் சொல்லிக்கொண்டே அவர் அச்சை அடித்துக்கொண்டிருந்தார். நான் எழுதிவைத்த ஆவாரம்பூவை அடித்துவிட்டேன்.

ஆரணிப் பட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், 2008-இலேயே புவிசார் குறியீடு வாங்கிய ஊர். தறிகாரர்கள் வாயில் புழங்கும் பெயர்களை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். மல்லிமொக்கு, புளியங்கொட்டை, மயில்கண், குயில்கண், தாழம்பூ ரேக்கு. இவை கோயில் சிற்பத்திலிருந்து வந்த பெயர்களைப் போல இல்லை. குழம்புக்குப் புளி கரைத்தவளும், தாழம்பூவைப் பிரித்துத் துணிப் பெட்டிக்குள் வைத்தவளும் பக்கத்தில் இல்லாமல் இந்தப் பெயர்கள் வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

போளூர் பக்கம் திருமலை என்று ஒரு சமணத் தலம் இருக்கிறது. அங்கே உள்ள ஒரு கோயில் குந்தவை ஜினாலயம். ராஜராஜ சோழனின் அக்கா குந்தவையின் பெயர் ஆயிரம் வருஷம் தாண்டியும் நிற்கிறது. பாறையை ஒட்டிய சிறு அறைகளில் பிற்காலத்து ஓவியங்கள் மங்கி மங்கி இருக்கின்றன. விதானத்தில் வட்டமும் பூவுமாகக் கட்டம் கட்டமாக வரைந்திருப்பதை அம்மா கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இத யாரோ வாசல்ல போட்டுப் பழகிட்டுத்தான் மேல போட்டிருக்காங்க" என்றாள். வரைந்தவர் ஆணா பெண்ணா என்று எந்தக் கல்வெட்டையும் காட்டி என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த அறையில் நின்ற அத்தனை பேரிலும், அந்த விதானத்தில் கை எங்கிருந்து ஆரம்பித்திருக்கும் என்று விரலால் காற்றில் இழுத்துப் பார்த்தவள் அம்மா ஒருத்திதான். வண்டியில் திரும்பும்போது டிக்கெட்டின் பின்பக்கத்தில் புள்ளி வைத்துக்கொண்டு வந்தாள்.

எங்கள் தெருவுக்கு வருகிறேன். குடியாத்தம் ரோட்டை ஒட்டிய தெரு, பாதி வீடுகளில் பீடி சுற்றுவார்கள். எதிர் வீட்டுப் பெரியம்மா நாற்பது வருஷமாகச் சுற்றுகிறார். இலையை நனைத்து, தகடு வைத்து வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. நரம்பு பார்த்து வெட்டாவிட்டால் சுருட்டும்போது இலை கிழிந்துவிடும். அதனால் அவர் இலையைக் கையில் எடுத்தாலே முதலில் நரம்பைத்தான் பார்ப்பார். வடக்கே எங்கேயோ காட்டில் பறித்து மூட்டை மூட்டையாக வரும் இலைகளில், நரம்பு அழகாக ஓடியிருக்கும் ஒன்றிரண்டை வெட்டாமல் எடுத்து வைத்துவிடுவார். கணக்கு குறைந்தால் கம்பெனியில் பிடித்துக்கொள்வார்கள். இருந்தும் எடுத்து வைப்பார். மார்கழி மாதத்தில் அந்த இலைகள் அம்மாவிடம் வரும். நோட்டில் 'எதிர்வீட்டு இலை' என்று மூன்று பக்கம் இருக்கிறது. மூன்றும் வேறு வேறு நரம்பு.

நோட்டில் தேதி போட்ட பக்கம் ஒன்றே ஒன்றுதான். 2021 நவம்பர். அந்த மழையில் பாலாறு வந்தது. நாங்கள் பார்த்தே இராத அளவுக்கு, கரையிலிருந்து கரை வரை, செம்மண் நிறத்தில். தரைப்பாலங்கள் முழுகின, கரையோரத்து வீடுகளுக்குள் தண்ணீர் போய்விட்டது. இழந்தவர்களுக்கு அது பயங்கரம்தான். அதோடு, ஊரே பாலத்துக்கு ஓடியதும் உண்மை. பெண்கள் மஞ்சள், குங்குமம், பூ எடுத்துக்கொண்டு போனார்கள். போலீஸ்காரர்கள் கிட்டே விடவில்லை. அம்மா எட்ட நின்று பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. நோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

சிக்குக் கோலத்துக்கு ஒரு சட்டம் உண்டு. கோடு எல்லாப் புள்ளியையும் சுற்ற வேண்டும், எந்தப் புள்ளியையும் மிதிக்கக் கூடாது, புறப்பட்ட இடத்துக்கே வந்து மூட வேண்டும். திறந்த கோடு வீட்டுக்கு ஆகாது என்று ஆயா சொல்வாள். அம்மா அந்தச் சட்டத்தை ஒருபோதும் மீறியதில்லை. அந்தப் பக்கத்தில் மீறியிருக்கிறாள். கோடு இடது ஓரத்திலிருந்து வருகிறது, புள்ளிகளுக்கு நடுவில் அலை அலையாகச் சுழல்கிறது, வலது ஓரத்தில் தாளை விட்டு வெளியே போய்விடுகிறது. மூடவே இல்லை.

"இது தப்பில்லையாம்மா?"

"ஆறு எங்கியாவது திரும்பி வருமா?"

அவ்வளவு வருஷமாக அதை வாசலில் போடாமலே வைத்திருந்தாள். முட்டி வலி வந்துவிட்டது, இப்போது குந்த முடியாது. ஒரு பலகையில் உட்கார்ந்து, எட்டும் வரை போட்டு, பலகையை நகர்த்தி மறுபடி போடுவாள். போன பொங்கலுக்கு, காலை நாலரைக்கு என்னை எழுப்பினாள். தெருவிளக்கில் புள்ளி வைக்கச் சொன்னாள். என் புள்ளிகள் கோணின. அழித்துவிட்டு வைக்கச் சொன்னாள். மூன்றாவது தடவை ஒன்றும் சொல்லாமல் டப்பாவை வாங்கிக் கோட்டை ஆரம்பித்தாள். எங்கள் வாசல் முடியும் இடத்தில், பக்கத்து வீட்டு எல்லையில், கோடு அப்படியே நின்றது.

பக்கத்து வீட்டு மருமகள் வாசல் தெளிக்க வந்தவள் பார்த்தாள். "இன்னாத்த இது, பாதியில வுட்டுட்டீங்க?"

"உன் வாசலுக்குதான் வந்துக்கீது, நீ இழு."

அவள் கொஞ்ச நேரம் வாளியோடு நின்றாள். அப்புறம் வாளியை வைத்துவிட்டு, தன் மாவை எடுத்து வந்து, அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனாள். நடுவில் இரண்டு மீன் விட்டாள். அவள் எல்லையில் விட்டதை அடுத்த வீட்டுப் பெண் எடுத்தாள். எதிர் வீட்டுப் பெரியம்மா தன் வாசலை விட்டு இந்தப் பக்கம் வந்து, குனிய முடியாமல் குனிந்து, அலைக்குப் பக்கத்தில் ஓர் இலையைப் போட்டு அதற்கு நரம்பு இழுத்தார். வெயில் ஏறும்போது கோடு ஏழு வாசல் தாண்டி முனைக் குழாயடி வரை போய்விட்டது. பால்காரர் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்தார்.